ஃபோன் வரக்கூடாத செவ்வாய்க்கிழமை

ரிசல்ட் வருகிற நாளில் ஒருவரைத் தனியாக விட்டுவிடுவது எங்கள் குடும்பத்தில் மரியாதைக் குறைவு. நான் ப்ளஸ் டூ எழுதிய வருஷம், தாம்பரத்தில் பக்கத்து வீட்டு ஃபோன் காலையிலிருந்து எனக்காகவே அடித்துக்கொண்டிருந்தது. என் கணவரின் நாமக்கல் வீட்டில் ஃபோனோடு நிறுத்த மாட்டார்கள், ஆளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்கா வந்து இத்தனை வருஷமாகியும் எங்களை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. கிரீன் கார்டு இன்டர்வியூ, போர்டு தேர்வு, யாருக்காவது பயாப்ஸி முடிவு, எதுவானாலும் சான் ரமோனிலிருந்து என் நாத்தனார் காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் கூப்பிடுவாள். கூப்பிடாதவர்களை நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

அதனால் போன ஆகஸ்டில் எங்கள் மகன், "செவ்வாக்கிழமை மட்டும் யாரும் எனக்குக் கால் பண்ணாதீங்க, ப்ளீஸ்" என்று சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டோமே தவிர எங்களுக்குப் புரியவில்லை.

மகன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். இப்போது அதுதான் அவனுக்கு வேலை. டெக்சஸில், சுகர் லேண்டில் எங்கள் தெருவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் டென்னிஸ் ஆடினார்கள், நீச்சலுக்குப் போனார்கள். இவன் செஸ் ஆடிக்கொண்டிருந்தவன். ஹைஸ்கூலுக்குள் நுழைந்த வருஷம் உயரமாகவும் அகலமாகவும் ஒரே நேரத்தில் வளர்ந்தான். பள்ளி வராந்தாவில் ஒரு கோச் வழிமறித்து, எந்த டீமில் ஆடுகிறாய் என்று கேட்டாராம். "செஸ்" என்றானாம். அவர் அடுத்த நாளே எங்களுக்கு ஃபோன் செய்தார். என் கணவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் பக்கத்து ஆட்கள் எல்லோருமே பெரிய உடம்புக்காரர்கள். காரணம் கேட்டால், "நாமக்கல் முட்டை, வேறென்ன?" என்பார்.

அவன் ஆடும் இடத்துக்கு டிஃபென்ஸிவ் லைன் என்று பெயர். எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன். எதிரணி பந்தை முன்னே கொண்டுபோகப் பார்க்கும். பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் ஐந்து மலை போன்ற ஆட்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவருக்கு எதிரே, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, முகத்துக்கு முகம் நிற்பவர்களில் ஒருவன் என் மகன். பந்து அசைந்ததும் இரண்டு பக்கமும் மோதும். அந்தச் சத்தம் டிவியில் சரியாகக் கேட்காது. மைதானத்தில் முதல்முறை கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் தொழில் எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது. கிழிந்த முழங்கால்களை வாரம் முழுக்கப் பார்க்கிறவள். மற்ற அம்மாக்கள் பிள்ளையின் சட்டையைப் பார்த்துக் கை தட்டும்போது எனக்குத் தோலுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் இன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

அவனுக்குக் கிடைத்தது மேற்கு டெக்சஸில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னக் கல்லூரி. அதன் ஸ்டேடியத்தைவிட எங்கள் ஊர் ஹைஸ்கூல் ஸ்டேடியம் பெரியது. கோயிலில் யாராவது, "பையன் எந்த காலேஜ்?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால், "ஓ, நைஸ்" என்றுவிட்டு, பிரசாதம் எங்கே தருகிறார்கள் என்று விசாரிப்பார்கள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். எந்தச் சுற்றிலும் இவன் பெயர் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வடக்கே ஒரு நகரத்து அணி ஃபோன் செய்து, கோடை முகாமுக்கு வந்து பார் என்றது. இதை நாமக்கல்லில் இருக்கும் தன் அண்ணனுக்கு என் கணவர் விளக்கியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"என்ஜினியரிங் கவுன்சிலிங் மாதிரிண்ணா. இங்க டீம்தான் பையனைக் கூப்பிடும்."

"நம்ம பையன் ரேங்க் என்ன?"

"லிஸ்ட்லயே இல்லண்ணா."

"அப்புறம் எப்படிடா சீட்டு?"

"கவுன்சிலிங் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு, வந்து பாருன்னாங்க."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "மேனேஜ்மென்ட் கோட்டாவா? எவ்வளவு கேக்கறாங்க?"

"அவங்கதாண்ணா நமக்குக் குடுப்பாங்க."

"ஏமாந்துறாதீங்கடா" என்றார் அண்ணன்.

முகாமில் தொண்ணூறு பேர். சீசன் தொடங்கும்போது ஐம்பத்துமூன்று பேர்தான் இருப்பார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுவரோரம் பெயர் பொறித்த லாக்கர். இவனைப் போன்றவர்களுக்கு அறையின் நடுவில், முகாம் முடிந்ததும் கழற்றி எடுத்துவிடக்கூடிய லாக்கர். அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதன் முன்னால் அவன் ஷூக்கள் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

முதல் முன்னோட்ட ஆட்டத்தை நாங்கள் இருவரும் சோபா நுனியில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் பாதியில் இறங்கினான். எங்கள் கண் பந்துக்குப் பின்னாலேயே ஓடியது. பந்து இருந்த இடத்தில் அவன் இல்லை. ஆட்டம் முடிந்ததும் என் கணவர் ஃபோனில் புள்ளிவிவரத்தைத் திறந்தார். யாரை எத்தனை முறை மடக்கி வீழ்த்தினான் என்ற கட்டத்தில் பூஜ்யம். அடுத்த கட்டத்திலும் பூஜ்யம். மார்க் ஷீட் வாங்கி வந்த அப்பா மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மகனைக் கூப்பிட்டோம்.

"பரவால்லடா. ஃபர்ஸ்ட் டெஸ்ட்தானே. அடுத்ததுல பிக்கப் பண்ணிக்கலாம்" என்றார்.

மறுபக்கம் சிரிப்பு. "அப்பா, ஐ ப்ளேட் ரியலி வெல். கோச் ரொம்ப ஹாப்பி."

"ஸீரோ போட்டிருக்கே?"

"என் வேலையே ரெண்டு பேரை என்மேல வச்சிக்கிறது. என்னைத் தள்ள ரெண்டு பேர் தேவைப்பட்டா, எனக்குப் பின்னாடி நம்மாளு ஒருத்தன் ஃப்ரீ. அவன் போய் டாக்கிள் பண்ணுவான்."

"அப்போ மார்க் அவனுக்கா?"

"யா."

"இது என்ன நியாயம்?"

"தட்ஸ் த ஜாப், அப்பா."

அன்றிரவு என்னை இந்த விஷயம் விடவில்லை. பந்தோடு சம்பந்தமே இல்லாமல் ஒருவன் நன்றாக ஆடுவது எப்படி? மறுநாள் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டு, என்னிடம் பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: படத்தில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தாதே, மூலைகளுக்குப் போ. பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். முதலில் ஒரே சதைக் குவியல். நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவன் முன்னால் பாய்கிறான் என்று நினைத்திருந்தேன். இல்லை, பல நேரம் இறங்குகிறான். எதிராளியின் அக்குளுக்குக் கீழே அவன் கைகள் போய்விடுகின்றன. இடுப்பைக் கொஞ்சமாகத் திருப்புகிறான். இவனை விட்டுவிட்டு நகரப் பார்க்கிற இன்னொருவரின் வழியை அந்தத் திருப்பத்தாலேயே அடைத்துவிடுகிறான். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கும் உடம்பு அது. அதற்கு இப்படி ஒரு யோசனை உண்டு என்று எனக்குத் தெரியாது.

"குனிஞ்சு நிக்கறப்போ எங்க பாப்ப?" என்று அவனிடம் கேட்டேன்.

"எதிர்ல இருக்கறவன் விரலை. தரையில ஊனியிருக்கான்ல, விரல் முட்டி வெளுத்திருந்தா வெயிட் முன்னாடி இருக்கு. ஓடி வரப்போறான். வெளுக்கலன்னா பின்னாடி போகப்போறான், பந்தைத் தூக்கிப் போடப்போறாங்க."

"க்ளவ் போட்டிருந்தா?"

"தென் த ஹிப்ஸ்." பிறகு, "அம்மா, யூ'ர் ரியலி இன்டு திஸ்" என்றான்.

அடுத்த ஆட்டத்தில் அவனை முதல் பாதியிலேயே இறக்கினார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரு குவியலிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. என் கணவர் டிவியின் முன்னால் போய் நின்றுவிட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விலகியபோது மகன் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான். யாரோ மிதித்துக் கழன்றிருக்கிறது. அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் இன்றுவரை நான் திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்த நகரத்துப் பத்திரிகை ஒன்று, முகாமில் யாரும் எதிர்பாராத ஆள் இவன்தான் என்று எழுதியது. என் கணவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கண் படும், வேண்டாம் என்றேன். அதற்குள் நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானம் எங்கள் நேரப்படி மூன்று மணிக்குள் அணி ஆட்களைக் குறைத்தாக வேண்டும். வேண்டாதவர்களுக்கு ஒரு ஃபோன் வரும், அல்லது அணியின் ஆள் ஒருவர் நேரில் வருவார். கோச் பார்க்க வேண்டும் என்கிறார், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வா என்பார். அணியின் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டேப்லெட்டில் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. இருக்கப்போகிறவர்களை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்று மணி வரை ஒன்றும் நடக்காவிட்டால் அதுதான் நல்ல செய்தி. அதுவரை ஹோட்டல் அறையில் காத்திருக்க வேண்டும்.

என் கணவர் குழுவில் எழுதினார்: செவ்வாய் ரிசல்ட், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள், தயவுசெய்து அவனுக்கு ஃபோன் செய்ய வேண்டாம். எல்லோரும் படித்தார்கள். எல்லோரும் அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று காலை நான் மருத்துவமனையில், படம் படிக்கிற இருட்டறையில் இருந்தேன். மகனிடமிருந்து மெசேஜ் வந்தது: யாரிடமெல்லாம் சொன்னீர்கள்? முதலில் நாமக்கல் பெரியப்பா கூப்பிட்டிருக்கிறார். செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள், அதையெல்லாம் மனதில் வைக்காதே என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அதுவரை அது அவன் மனதில் இல்லை. பிறகு என் தம்பி. பிறகு குபெர்டினோவிலிருந்து என் சித்தி மகள். ஒவ்வொரு முறை ஃபோன் அதிரும்போதும் அவனும், அவனோடு அறையில் இருந்த பையனும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அந்தப் பையன் லூசியானாக்காரன், பந்தைப் பிடிக்கிற ஆள், ஒல்லி. அவனையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. வீடியோ காலில் என்னைப் பார்த்தால், "ஹாய், மேம்" என்பான்.

நான் வராந்தாவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டே நிமிஷம்தான் பேசினேன் அண்ணி. ஆல் த பெஸ்ட் மட்டும் சொன்னேன்."

"அவனுக்கு ஃபோன் அடிச்சாலே பயமா இருக்கு. டீம்லேர்ந்துன்னு நினைச்சுக்கறான்."

"ஸ்க்ரீன்ல அத்தைன்னு என் பேர் வரும்ல? நான் யாரு, மத்தவளா?"

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு."

"விட்டுட்டேன், விட்டுட்டேன். ஆனா குரலே சரியில்ல. சாப்ட்டியான்னேன், இல்லன்னான்."

"பசிச்சா சாப்பிடுவான்."

"ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்'மை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு ஃபோன் அதிர்ந்தது. இருவரும் பார்த்தார்கள். லூசியானாப் பையனுடையது. அவன், "யெஸ் சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனான், திரும்பி வந்து பெட்டி அடுக்கத் தொடங்கினான். என் மகன் அவனுக்குச் சட்டை மடித்துக் கொடுத்தான். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல் ஃபோன் அடித்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதையே அவர்கள் கவனித்ததில்லை. உங்களைப் பார்க்க ஒருவர் கீழே லாபியில் காத்திருக்கிறார் என்றார்கள்.

மகன் முகம் கழுவினான். நல்ல சட்டை போட்டுக்கொண்டான். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

லாபியில் அணியின் சட்டை போட்ட ஆளைத் தேடினான். சோபாவிலிருந்து எழுந்தது சல்வாரும் ஸ்னீக்கர்ஸும் போட்ட, அவன் விலா உயரம்கூட வராத ஓர் ஆன்ட்டி. கையில் பெரிய துணிப்பை.

"தம்பி, நீதானே? ஃபோட்டோவைவிடப் பெருசா இருக்கியே."

அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆன்ட்டி அவர். என் நாத்தனாரின் பழைய ஆபீஸ் சினேகிதிக்குத் தெரிந்தவர். மகன் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"உனக்கு ஃபோன் பண்ணவே கூடாதுன்னு உங்க அத்தை கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதான் நேரா வந்துட்டேன்" என்றார் ஆன்ட்டி.

இவன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். ஆன்ட்டி ஸ்டீல் டப்பாவைத் திறந்தார். சிக்கன் பிரியாணி, வெங்காயப் பச்சடி, அவித்த முட்டை.

"அது என்ன கையில, மெனு கார்டா? கீழ வச்சிட்டுச் சாப்பிடு."

டேப்லெட்டைக் கீழே வைத்தான். ஃபோனைத் திரை தெரியும்படி மேஜைமேல் வைத்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன், ஒரு வாய் வைத்ததும் நிறுத்த முடியவில்லை என்றான். லூசியானாப் பையன் பெட்டிகளோடு இறங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் ஏர்போர்ட் வண்டிக்காக நின்றான்.

"உன் ஃப்ரெண்டா? கூப்பிடு" என்ற ஆன்ட்டி, அவன் வந்ததும் ஆங்கிலத்தில், நீயும் செலக்ட் ஆகிவிட்டாயா என்று கேட்டார்.

"நோ, மேம்."

ஆன்ட்டி நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். டப்பாவின் மூடியைத் திருப்பிப் போட்டு அதில் பிரியாணியைக் குவித்து அவன் பக்கம் நகர்த்தினார். அவன் ஸ்பூனால் சாப்பிட்டான். வண்டி வந்தபோது, "ஏர்போர்ட்ல எல்லாம் காஞ்ச ரொட்டிதான்" என்று என் மகனிடம் தமிழில் சொல்லிக்கொண்டே, இரண்டு முட்டைகளைப் பேப்பர் நாப்கினில் சுற்றி அந்தப் பையன் கையில் கொடுத்தார். வண்டி ஏறும்வரை அவன் அதை பாக்கெட்டில் போடாமல் கையிலேயே வைத்திருந்தானாம்.

ஆன்ட்டி கிளம்பினார். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

"ஆன்ட்டி, டப்பாவை எடுத்துட்டுப் போயிடுங்க. நான் ஈவினிங் இங்க இருப்பேனான்னு தெரியல" என்றான் மகன்.

"கழுவாம எப்படிப்பா எடுத்துட்டுப் போறது? மெதுவாக் குடு. அவசரமே இல்ல."

அவர் போன பிறகுதான் ஃபோனைப் பார்த்தான். மூன்று தாண்டியிருந்தது. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அந்த நேரம் என் திரையில் யாரோ ஒருவரின் முழங்கால் இருந்தது. அதில் ஒன்றும் கிழியவில்லை. நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அந்த ஃபோன் வந்துவிட்டால் முழுசாக வீட்டுக்கு வந்துவிடுவானே என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மூச்சில் எப்படி வந்தன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்போது மேஜையில் என் ஃபோன் அதிர்ந்தது. அவன் பெயர். காலையிலிருந்து ஃபோன் வந்தால் கெட்ட செய்தி என்று ஊருக்கெல்லாம் சொல்லி, கடைசியில் எனக்கே கை போகவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது எடுத்தேன்.

"அம்மா."

"சொல்லுடா."

"யாரோ ஒரு ஆன்ட்டி சாப்பாடு கொண்டு வந்தாங்க. டப்பாவை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஸ்டீல் டப்பா."

"எந்த ஆன்ட்டி?"

"அத்தை அனுப்பின ஆன்ட்டி. அம்மா, அதை எம்ப்டியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல? நீ எப்பவும் ஏதாவது போட்டுத்தானே குடுப்ப?"

"ஆமா. கொஞ்சம் சர்க்கரை போட்டாக்கூடப் போதும்."

"நெக்ஸ்ட் வீக் குடுத்தா ஓகேவா?"

எனக்குச் சட்டென்று ஓடவில்லை. "நெக்ஸ்ட் வீக் நீ அங்க இருப்பியா?" என்றேன்.

"யா, அம்மா" என்றான். "இருப்பேன்."

சர்க்கரைக்குப் பதிலாக அவித்த முட்டைகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். ஆன்ட்டி அடுத்த வாரம் அதில் லெமன் சாதம் கொடுத்தனுப்பினார். இப்போது சீசன் பாதி தாண்டிவிட்டது. முதலில் ஒரு சில முறை மட்டும் இறக்கினார்கள், இப்போது ஆட்டம் தொடங்கும்போதே குனிந்து நிற்கிறான். லாக்கர் சுவரோரம் போய்விட்டது. ஆனாலும் எந்த வாரமும் எவரையும் எடுத்துவிடலாம் என்பதுதான் அங்கே சட்டம். பந்தைப் பார்க்காமல் அவனைப் பார்க்கப் பழகிவிட்டேன். அவன் பெயர் ஃபோனில் ஒளிரும்போது நடுங்காமல் இருக்க மட்டும் பழகவில்லை.

இன்னும் டீமில் இருக்கிறாயா என்று ஒரு பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? அதனால் செவ்வாய்க்கிழமைகளில், டப்பா யாரிடம் இருக்கிறது என்று மட்டும் மெசேஜ் அனுப்புகிறேன். போன வாரமும் அனுப்பினேன்.

"என்கிட்டதான்" என்று பதில் வந்தது. "இன்னும் கழுவல."